ஓ/எல் முடித்த மகனை ஊர்ப்பக்க விடுதியில் விடலாமா? கணிதப் பிரிவும் தட்டெறிதலும்

புதுக்குடியிருப்பான்

எல்லாருக்கும் வணக்கம். மகன் சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) எழுதி முடித்திருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். அதோடு தட்டெறிகிறான், மாகாண மட்டம் வரை போய் வந்தவன். உயர்தரத்தில் (ஏ/எல்) கணிதப் பிரிவுதான் எடுப்பேன் என்று நிற்கிறான். முல்லைத்தீவில் எங்கள் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. தட்டெறிய ஒழுங்கான வட்டமும் இல்லை, மண் தரையில் சுற்றிச் சுற்றிப் பள்ளம் விழுந்து கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில், நகரத்துக்கு வெளியே, விடுதியுள்ள ஆண்கள் பாடசாலை ஒன்றில் கேட்டிருக்கிறோம். சேர்ப்பார்கள் போலத் தெரிகிறது. சொந்தக்காரர் எல்லாரும் ஒரே குரலில், "ஏ/எல் இரண்டு வருசமும் விளையாட்டை மூட்டை கட்டி வை" என்கிறார்கள். மகன் அதற்குச் சம்மதிக்க மாட்டான். விடுதியில் இருந்து இரண்டையும் கொண்டுபோன பிள்ளைகள், பெற்றோர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தி

விடுதி, விளையாட்டு எல்லாம் பிறகு. முதலில் மாவட்டத்தைப் பாருங்கள் அண்ணை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் முல்லைத்தீவும் இருக்கிறது, யாழ்ப்பாணமும் இருக்கிறது. ஆனால் 55 வீதத்துக்குள் இரண்டு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியும் (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி) ஒன்றல்ல. பொறியியலுக்கு யாழ்ப்பாணத்தில் போட்டி கூட. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தான் என்பது கணக்கில் வரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, பழைய பாடசாலையை விட்டு விலகுகிற விடுகைப் பத்திரம் எடுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

சோளகம்

கணக்கு வாத்தி சொன்னது முக்கியம். விளையாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன், இந்த வேலையில்தான் இருக்கிறேன்.

"இரண்டு வருசம் மூட்டை கட்டு" என்பவர்களுக்கு எறிதலைப் பற்றித் தெரியாது. சர்வதேச விதிப்படி 18 வயதுக்குக் கீழே தட்டின் நிறை 1.5 கிலோ, 20 வயதுக்குக் கீழே 1.75 கிலோ, அதற்கு மேல் 2 கிலோ. உயர்தரம் படிக்கிற வயதும் தட்டு பாரமாகிற வயதும் ஒன்று. ஒவ்வொரு முறை நிறை கூடும்போதும் கால் வைக்கிற இடம், இடுப்புத் திரும்புகிற நேரம் எல்லாவற்றையும் திரும்பப் பழக வேண்டும். 1.5 கிலோவில் விட்டவன் இரண்டு வருசம் கழித்து 2 கிலோவைக் கையில் எடுத்தால் தோள்மூட்டுத்தான் முதலில் போகும். ஓட்டக்காரன் விட்டுவிட்டு வரலாம், கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். எறிகிறவனுக்கு அந்த இடைவெளி பெரிய அடி.

இன்னொன்று. எறிதலுக்கு ஊர்ப்பக்கம் நல்ல இடம். 400 மீற்றர் செயற்கைத் தடம் வேண்டாம், கோலூன்றிப் பாய்கிறவனுக்கு வேண்டிய விலை கூடிய மெத்தையும் வேண்டாம். இரண்டரை மீற்றர் விட்டத்தில் சீமெந்து வட்டம், சுற்றி வலை, முன்னால் ஆள் நடமாட்டமில்லாத வெளி. நகரத்துப் பாடசாலையில் அந்த வெளிதான் கிடையாது. ஒரு மைதானத்தில் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், சாரணர், எல்லாம் ஒரே நேரத்தில். அதற்குள் தட்டை எறிந்தால் யாருடைய தலையில் விழும் என்று கோச்சுக்கு வியர்க்கும். வடமராட்சிப் பக்கத்தில் எறிகிற பையன்கள் நிறைய வருவதற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. சோளகக் காற்று எழும்பினால் எதிர்காற்று வேறு. காற்றை எதிர்த்து எறிந்தால் தட்டு மிதக்கும், தெரிந்து எறிகிறவனுக்கு இரண்டு மூன்று மீற்றர் கூடக் கிடைக்கும்.

விடுதியைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்? மைதானத்திலா, ரியூசனுக்கு நெல்லியடிக்கோ சுன்னாகத்துக்கோ போகிற பஸ்ஸிலா?

விடுதிப் பழசு

சோளகம் அண்ணை, நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள். நான் விடுதியில் இருந்து ஏ/எல் எடுத்தவன், பெயர் வேண்டாம். எங்களுக்குக் காலை ஐந்து மணிக்கு மணி. கிணற்றடிக்கு ஓடினால் தொட்டியில் முதல் ஆள். பிந்தினால் சோப்பு நுரையில்தான் குளியல். ஆறு மணிக்குப் படிப்பு, பிறகு புட்டோ இடியப்பமோ, பாடசாலை. பின்னேரம் இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போய்விடுவார்கள். மைதானத்தில் நாங்கள் நாலைந்து பேர். இரவு எட்டு மணிக்கு அவர்கள் களைத்து வருவார்கள், நாங்களும் களைத்து வருவோம், ஒன்பது மணிப் படிப்பில் எல்லாரும் மேசையில் தலை வைத்துத் தூக்கம்.

ஆக, விடுதி இரண்டையும் சேர்த்துத் தரும் என்று நினைக்க வேண்டாம். ரியூசனுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற விடுதி சும்மா படுக்கை வாடகைக்குக் கொடுக்கிற இடம். பாடசாலை ஆசிரியர்களே இரவில் வந்து இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிற விடுதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள்.

கணக்கு வாத்தி

விடுதிப் பழசுக்கு: கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்ய வேண்டாம்.

நான் ரியூசனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கணிதப் பிரிவின் சுமையைச் சொல்ல வேண்டும். இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள், தலா மூன்று மணித்தியாலம். ஒவ்வொன்றிலும் பகுதி 'அ'வில் பத்து வினாவும் கட்டாயம், 'ஆ'வில் ஏழில் ஐந்து. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் ஐம்பது பல்தேர்வு வினாவுக்கு இரண்டு மணித்தியாலம். இது விளங்கினால் மட்டும் போதாது, கை ஓட வேண்டும். கை ஓடுவதற்குக் கடந்தகால வினாத்தாள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ரியூசன் விற்பதும் அதைத்தான். விடுதியில் ஒரு நல்ல ஆசிரியர் உட்கார்ந்து வாரம் ஒரு தாள் நேரம் பிடித்துச் செய்விப்பார் என்றால் ரியூசன் தேவையில்லை. அப்படி இல்லாமல் "எங்கள் பிள்ளைகள் விளையாடுவார்கள், படிப்பார்கள்" என்று அதிபர் பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம். போன வருடங்களின் கணிதப் பிரிவு முடிவைக் கேளுங்கள். எத்தனை பேர் இருந்து எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி என்று கேளுங்கள். 3ஏ எடுத்த ஒருவரின் படத்தை வாசலில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஸ்காபரோ குளிர்

கனடாவிலிருந்து ஒரு ஒப்பீடு. அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பக்கம் கிராமத்து விடுதிப் பாடசாலைகள் பழைய சங்கதி. அன்டோவர் 1778, எக்ஸெற்றர் 1781. பையன்களுக்காகத் தொடங்கி இப்போது இருபாலாருக்கும். கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துவதுதான் அவற்றின் வேலை, ஆனால் பின்னேர விளையாட்டும் நாளின் ஒரு பாகம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் இன்னொரு வருடம் அங்கே தங்கி, விளையாட்டிலும் புள்ளியிலும் ஏறிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற வழியும் உண்டு.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், அங்கே கல்லூரி வாசலில் விளையாட்டுக்கு விலை இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் விளையாட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அதனால் பயிற்றுவிப்பாளரே பையனின் புள்ளியைப் பார்த்துக்கொள்வார். ஹாவர்ட், யேல் இருக்கிற ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆனாலும் ஆளை எடுக்கும்போது தட்டெறிகிறவனைத் தேடி எடுப்பார்கள். நம்முடைய பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசற் புள்ளிக்கு (Z-score) தட்டு எத்தனை மீற்றர் போனது என்று தெரியாது. அந்த விடுதி முறையை ஊரில் அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மந்திகைச் சந்தி

ஸ்காபரோத் தம்பி, அந்த நியூ இங்கிலாந்து 200 வருசத்துக்கு முன்னமே வட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது. டானியல் புவர் மசசூசெட்ஸ்காரர், அன்டோவரில் இறையியல் படித்தவர், 1816இல் தெல்லிப்பழைக்கு வந்தார். 1823இல் அமெரிக்க மிசனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டை செமினரி. பிள்ளைகளுக்கு உண்டி, உறையுள் எல்லாம் அங்கேயே. அமெரிக்காவில் யாரோ ஒருவர் பணம் அனுப்புவார், பிள்ளைக்கு அவருடைய பெயரை வைப்பார்கள். கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர் அப்படி வந்தது. அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இருவரும் அந்தச் செமினரிப் பிள்ளைகள். அது 1855இல் மூடப்பட்டது, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக மறுபடி எழுந்தது. ஊருக்குள் விடுதி வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற வேலை எங்களுக்குப் புதிதில்லை.

எட்டுப்பனை

ஐயா, பழம்பெருமை நல்லது. அந்தச் செமினரியில் கணிதமும் வானியலும் இருந்தது, தட்டெறிதல் இருந்ததா? 😄

மந்திகைச் சந்தி

தட்டெறிதல் இல்லைத்தான். விளையாட்டு ஆங்கிலேயரின் மிசன் பாடசாலைகளோடு வந்து ஊறியது. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 'வடக்கின் பெரும் போர்' என்கிற துடுப்பாட்டப் போட்டி 1904இலிருந்து நடக்கிறது. மெய்வல்லுநர் என்று கேட்டால் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. பெரியவிளானில் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியில் படித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனவர். 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம், இலங்கைக்கே அதுதான் முதல் ஆசியத் தங்கம். அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டம் வரை போனார். பாய்ச்சலை மூட்டை கட்டி வைத்துவிட்டா படித்தார்?

ஹாட்லிக் கல்லூரியையும் பாருங்கள். 1838இல் தொடங்கியது, பருத்தித்துறைக் கடல் காற்றில் நிற்கிறது. கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்த கணித மேதை எலியேசர் அங்கே படித்தவர், பேராசிரியர் துரைராஜாவும் அங்கேதான். அதே மைதானத்தில் இன்று எறிகிற பையன்கள் தேசிய மட்டத்தில் பதக்கம் எடுக்கிறார்கள்.

தாவடி அக்கா

எல்லாரும் ஆண்கள் போல இருக்கிறது, ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை முதல் தடவை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். அங்கே இரவில் யார் நிற்கிறார்? விடுதிப் பொறுப்பாளர் விடுதிக்குள்ளேயே தூங்குகிறாரா, அல்லது சாவியைப் பெரிய பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாரா? மூத்த பிள்ளைகள் சிறியவர்களிடம் உடுப்புத் தோய்க்கக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறதா? பிள்ளை நினைத்த நேரத்தில் அம்மாவுக்குப் போன் எடுக்கலாமா?

பாடசாலையில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்தது. விளையாட்டுப் பயிற்சியில் மட்டும் "அடித்தால்தான் பதக்கம்" என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அதையும் கேட்டு வையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். தேவைப்படாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதிப் பழசு

அக்கா சொன்ன உடுப்புத் தோய்க்கிற கதை எங்கள் காலத்தில் தாராளமாக நடந்தது. இப்போது குறைவு என்று தம்பிமார் சொல்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எறிகிற பையன் என்றால் அதுதான் பெரிய பிரச்சினை. விடுதிச் சமையலில் மாவும் சோறும் வயிறு நிறையக் கிடைக்கும். முட்டை, மீன், பயறு எண்ணித்தான் வைப்பார்கள். பருத்தித்துறையில் மீன் கரைக்கு வந்து அரை மணியில் சந்தைக்குப் போகும், பக்கத்து விடுதியில் பருப்பும் சம்பலும். என்னோடு இருந்த, குண்டு போடுதல் போட்டிக்குப் போகிறவன் வீட்டிலிருந்து சத்துமாவும் அவித்த கடலையும் பெட்டியில் கொண்டு வருவான், இரவில் பாதிப் பெட்டி எங்கள் வயிற்றுக்குள் போகும்.

கணக்கு வாத்தி

ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு. எங்கள் முறையில் விளையாட்டுக்கு இடமே இல்லை என்று ஸ்காபரோ எழுதியது முழுக்கச் சரியில்லை. பாடத்துக்குப் புறம்பான துறைகளில் மிகத் திறமை காட்டியவர்களுக்கு விசேட அனுமதி ஒன்று இருக்கிறது, தேசிய, சர்வதேச மட்டச் சாதனைகள் அதில் அடங்கும். ஆனால் பதக்கத்தைக் கொண்டுபோய் நீட்டினால் போதாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி பெற்றிருக்க வேண்டும், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். அந்த இடங்களும் மிகக் குறைவு. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம், வந்தால் வரட்டும்.

இன்னொன்று, ஏ/எல் மூன்று தடவை எழுதலாம். முதல் தடவை தவறினால் இரண்டாம் தடவைக்கு விடுதியில் இடம் தருவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் தரமாட்டார்கள். அந்த வருடம் பிள்ளை அறை எடுத்துத் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ரியூசனோடு கிடப்பான், மைதானம் போய்விடும்.

சோளகம்

சரி, நானும் வாத்தியும் ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டோம் போல. நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட விளையாட்டின் வருடம் இப்படி: முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிறகு கோட்டம், வலயம், மாகாணம், கடைசியில் அகில இலங்கை. ஏ/எல் பரீட்சை முன்பு ஓகஸ்டில் இருந்தது, கொரோனாவுக்குப் பிறகு தள்ளிப் போய் நிற்கிறது. உயர்தரம் முதல் வருடம் பையன் முழுசாக எறியட்டும். இரண்டாம் வருடம் பரீட்சை நெருங்கும்போது போட்டியைக் குறைத்து, பயிற்சியை வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம் என்று வைத்தால் உடம்பு விட்டுப் போகாது. நல்ல பயிற்றுவிப்பாளர் இதைத் தானாகவே சொல்வார். "பரீட்சைக்கு முதல் கிழமை மட்டும் லீவு எடு" என்று சொல்கிற ஆளிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். "விளையாட்டை விடு" என்கிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

மந்திகைச் சந்தி

இடையில் ஒரு கதை, மன்னிக்கவும். 90க்குப் பிறகு சண்டையால் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு, அதுவும் துளித்துளியாக. இரவில் படிக்க முடியாது என்பதால் விடியப்புறமும் பகலும் படிப்பு, வெளிச்சம் மங்குகிற நேரம் மைதானம். வலிகாமம் வடக்குப் பாடசாலைகள் 1990இல் இடம்பெயர்ந்து வேறு ஊர்களில் கொட்டிலில் நடந்தன. அந்த நேரம் ரியூசனுக்கு நகரத்துக்கு ஓட ஒருவரிடமும் பெற்றோல் இல்லை. சண்டை நல்லது என்று சொல்ல வரவில்லை. பின்னேரம் பிள்ளைக்குச் சொந்தமாக இருந்தது என்கிறேன்.

எட்டுப்பனை

அந்தக் காலத்து நொந்து போன பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள் ஐயா. பின்னேரத்தில் பங்கர் வெட்டினவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு விசயம் சேர்க்கிறேன். ஊர்ப்பக்க விடுதி என்ற யோசனையே அரசாங்கத்துடையதும்தான். அந்தக் காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு கிராமங்களில் மத்திய பாடசாலைகள், விடுதி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எல்லாம் வந்தது. ஏழைப் பிள்ளை நகரத்துக்குப் போகாமலே பல்கலைக்கழகம் போகட்டும் என்பதுதான் நோக்கம். இப்போது அந்த விடுதிகள் பலவற்றில் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது, பிள்ளைகள் நகரத்து அறைகளில். அதனால் விடுதியில் ஆள் குறைவு என்பதற்காகப் பாடசாலை கெட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். ஆள் குறைவென்றால் முட்டையும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். 😄

புதுக்குடியிருப்பான்

எல்லாருக்கும் நன்றி. சோளகம் அண்ணை கேட்கச் சொன்னதை நேரில் பார்க்க, அறிவிக்காமல் ஒரு புதன்கிழமை பின்னேரம் போய் நின்றேன். நாலு மணிக்கு மைதானத்தில் முப்பது பேரளவில் நின்றார்கள், பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள். சிலர் ரியூசனுக்குப் போகிறார்கள், ஆனால் சனி ஞாயிறில் மட்டும், விடுதிப் பொறுப்பாளர் பெயர் எழுதித்தான் விடுகிறார். இரவுப் படிப்புக்கு இணைந்த கணித ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். பௌதிகவியலுக்கு ஆள் இல்லை, அதைப் பிள்ளைகள் மூத்த அண்ணாமாரிடம் கேட்டுக்கொள்கிறார்களாம். பொறுப்பாளர் விடுதிக்குள்ளேயே இருக்கிறார், குடும்பத்தோடு. மனைவிக்கு அது பிடித்துவிட்டது.

முடிவுகளையும் கேட்டேன் வாத்தி. கணிதப் பிரிவில் பாதிக்கு மேல் மூன்று பாடமும் சித்தி, பொறியியலுக்குப் போனது ஒன்றிரண்டு பேர். மாவட்ட விசயத்தைக் கைநூலில் வாசித்து, வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டுதான் விடுகைப் பத்திரம் எடுப்பேன்.

சாப்பாடு விடுதிப் பழசு சொன்னது போலத்தான். மகனுக்கு மாதம் ஒரு தடவை முட்டைக்கும் மீனுக்கும் தனியாகக் காசு கொடுப்பதாகப் பொறுப்பாளரின் மனைவியுடன் பேசியிருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க இவன் மட்டும் சாப்பிடுவது சரியா என்று மனைவி கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று, சோளகம் அண்ணை. தட்டு இவனுக்குச் சொந்தமாக வாங்கிக் கொடுக்கலாமா? 1.75 கிலோவா, 2 கிலோவா?

தாவடி அக்கா

முட்டையை விடுதிக்கே ஒரு தட்டாக மாதாமாதம் கொடுங்கள் தம்பி. அப்போது எறிகிற நாலைந்து பேரும் சாப்பிடலாம். உங்களோடு இன்னும் இரண்டு பெற்றோர் சேர்ந்தால் பெரிய செலவில்லை.

சோளகம்

அக்கா சொன்னதைச் செய்யுங்கள்.

தட்டு: இப்போதைக்கு 1.5 கிலோவோடு இருக்கட்டும், வயதுப் பிரிவு மாறுகிற வருடம் 1.75 கிலோ. 2 கிலோவை வாங்கி வைத்தால் ஆசையில் எறிவான், தோளைக் கெடுத்துக்கொள்வான். பயிற்சிக்குப் பாடசாலையிலேயே தட்டு இருக்கும். உங்கள் காசை எறிதல் சப்பாத்துக்குப் போடுங்கள், அடி தட்டையாக, கூர் இல்லாதது. ஓடுகிற ஸ்பைக்கோடு சீமெந்து வட்டத்தில் சுற்ற முடியாது. வெறுங்காலில் பழகின பையன் என்றால் முதல் இரண்டு கிழமை வழுக்குவது போல இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.